மங்கலானதை அழிக்காதவர்

சிமியோன் அண்ணையின் கைப்பேசி மறுபடியும் இடமில்லை என்று அடம்பிடிக்கிறது. குருநகர்ச் சந்தித் தேநீர்க்கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதை முறைத்துப் பார்க்கிறார். உள்ளே என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். சட்டைப்பையின் உட்புறத்தைத் தவறுதலாக எடுத்த ஒரு வீடியோ. ஓடுகிற நாயின் வால். ஓடும் மோட்டார் சைக்கிளில் இருந்து எடுத்த பண்ணைப் பாலம். அதில் பாலமும் இல்லை, கடலும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. "தாங்கோ, நான் அழிச்சுத் தாறன்" என்று கையை நீட்டினேன். வெடுக்கென்று கைப்பேசியை இழுத்துக்கொண்டார்.

"கிடக்கட்டும் தம்பி. உமக்கென்ன வந்தது? உம்மடை போனே இது?"

ஒரு வருடத்துக்கு முன்பு இவர் இப்படி இல்லை. அழிப்பதில் இவரைப் போல வேகமான ஆளை யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம்; அண்ணன் தம்பிமார் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தால் தலை சுற்றும். மழையோ வெயிலோ, பல பைகள் வைத்த ஒரு காக்கி மேற்சட்டை உடம்பில் இருக்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஏதாவது இருக்கும், அந்த நேரத்துக்குத் தேவையானது மட்டும் இருக்காது. கமராவை ஒரு பழைய துவாயால் சுற்றி, அதற்கு மேல் ஒரு முடிச்சுப் போட்டு, பிறகுதான் பைக்குள் வைப்பார். பேசும்போது இடது கண் பாதி மூடியபடி இருக்கும். கமராவுக்குள் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. புதிதாகச் சந்திக்கிற பெண்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வதும் உண்டு. "உந்தக் கண்ணாலை இவர் ஒருநாளைக்கு அடி வாங்குவார். நான் விலக்குப் பிடிக்க வரமாட்டன்" என்று அவருடைய மனைவி ஸ்ரெல்லா அக்கா எல்லோர் முன்னாலும் சொல்வார். அண்ணை சிரிப்பார்.

தொழில் என்ன என்று கேட்டால் "படம்" என்பார். என்ன படம் என்று கேட்டுவிடாதீர்கள், தேநீர் ஆறிவிடும். வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர்களின் சடங்கு, குருநகர்ப் பெண்கள் தவக்காலத்தில் பசாம் என்கிற வியாகுல ஒப்பாரி பாடுவது, தென்மராட்சிக் கோயில் ஒன்றின் பொங்கல் என்று வரிசையாக வரும். யாரும் சம்பளம் தந்து எடுக்கச் சொன்ன படங்கள் அல்ல. ஏதாவது ஒரு பாடசாலை மண்டபத்தில் போட்டுக் காட்டுவார். வந்தவர்களில் பாதிப்பேர் மின்விசிறிக்காக வந்தவர்களாக இருப்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "நாளைக்கு ஆரும் தேடேக்கை இருக்கோணும் தம்பி. அவ்வளவுதான்" என்பார்.

வயிற்றுக்கு வேறு படம். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள். வலிகாமம் முழுவதும் இவரைத் தெரியும் என்றால் அந்தப் படங்களால்தான். அந்த வேலைக்கென்று அவரிடம் ஒரு சொல் இருந்தது: "இன்னொருக்கா." மாலை மாற்றும்போது யாராவது ஒரு சித்தப்பாவின் தலை குறுக்கே வந்துவிட்டால், இன்னொருக்கா. மாமியார் மருமகளின் கன்னத்தைத் தொட்டது மங்கலாகிவிட்டால், இன்னொருக்கா. நமது சனத்துக்கும் இது பழகிவிட்டது. கலியாண வீட்டில் வீடியோக்காரர் சொன்னால் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்பார். தாலி கட்டிய கையோடு ஒரு மாப்பிள்ளை திரும்பி, "சரியோ அண்ணை, இல்லாட்டி இன்னொருக்காக் கட்டுறதோ?" என்று கேட்டதை அண்ணை பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மங்கலாக விழுந்ததை அந்த இடத்திலேயே அழித்துவிடுவார். இன்னொருக்கா என்று வாய் சொல்லும்போதே வலது பெருவிரல் கமராவின் பின்புறத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிடும். "உதவாததைச் சேத்து வைச்சால் உதவுறதை எங்கை வைக்கிறது?" என்பது அந்தக் காலத்து வேதவாக்கு.

ஆனால் கலியாணப் படத்தையும் மற்றப் படத்தையும் தான் ஒருநாளும் கலப்பதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அதற்கு அத்தாட்சியாக ஒரு வாகரைக் கதை வைத்திருந்தார். அங்கே சடங்கில் ஒருவருக்குத் தெய்வம் ஏறி உரு வருகிற நேரம். கமராவை எடுக்க வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். இவர் மறுபேச்சுப் பேசாமல் துவாயைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே மரத்தடியில் போய் இருந்தார். போன வேலைக்கு மரங்களின் படம்தான் மிச்சம். "கேட்டுத்தான் எடுக்கோணும். வேண்டாமெண்டால் வேண்டாம்தான்" என்று எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அந்தக் கதையோடுதான் முடிப்பார். இப்போது அதைச் சொல்வதில்லை. நான் ஒருமுறை எடுத்துக் கொடுத்தபோது, "விடும் தம்பி. அங்கை வேண்டாமெண்டு சொல்ல ஒரு ஆள் இருந்தது" என்றார்.

போன வருட ஆவணியில் சுன்னாகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கிராமத்தில் கதிரவேலு என்ற வெங்காயத் தோட்டக்காரர் இறந்துபோனார். மகன் கனடாவில். வரமுடியவில்லை. செத்த வீட்டை அவன் அங்கிருந்து பார்க்க வேண்டும் என்று சிமியோன் அண்ணையைக் கூப்பிட்டார்கள். அண்ணையும் அந்த நேரம் வலிகாமத்துச் சைவக்காரரின் மரணச் சடங்குகளைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டார், சம்மதித்தார்கள். ஒரு கமராவைக் கனடாவுக்கு நேரலை மட்டும் அனுப்ப, பதிவு எதுவும் இல்லாமல், நிலையாக நிறுத்திவிட்டு, மற்றதைத் தனது படத்துக்காகக் கையில் வைத்துக்கொண்டார்.

திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து முடிந்தது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தது வாய்க்கரிசி. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் வைத்து வாயில் போடுகிற அந்த ஒரு பிடி அரிசிதான் ஒரு மகள் தகப்பனுக்குச் செய்கிற கடைசிக் காரியம். அதன்பிறகு பெட்டியை மூடிவிடுவார்கள்.

மகளை உதயகலா என்று சொல்லிக்கொள்வோம். முன்பள்ளி ஆசிரியை. தாய் போனபிறகு தகப்பனும் மகளுமாகவே அந்த வீட்டில் இருந்தார்கள். அவர் குனிந்து அரிசியைப் போட்ட நேரம் பார்த்து, நெய்ப்பந்தத்தின் வெளிச்சம் கமராவின் கண்ணில் அடித்தது. படம் மங்கிவிட்டது. பெருவிரல் இரண்டு தட்டுத் தட்டியது.

"தங்கச்சி, இன்னொருக்கா."

இதை என்னிடம் சொன்னபோது அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாய் சொல்லிப்போட்டுது தம்பி. நான் நினைக்க முதல் வாய் சொல்லிப்போட்டுது. ஒருத்தராவது பேசியிருக்கலாம். ஐயர் பேசேல்லை. மாமன்காறன் ஒருத்தர், ஓம் ஓம், கனடாவிலை பொடியன் பாத்துக்கொண்டிருக்கிறான், வடிவா எடுங்கோ எண்டுறார். அந்தப் பிள்ளை திரும்ப ஒரு பிடி அள்ளிக்கொண்டு என்ரை கமராவைப் பாத்துது."

அந்தப் பிள்ளை போட்டது. படம் துல்லியமாக வந்தது. பெட்டியை மூடினார்கள்.

படத்துக்குக் 'கடைசிப் பிடி' என்று பெயர் வைத்தார். கொழும்பில் போட்டபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லோரும் பேசியது அந்தக் காட்சியைப் பற்றித்தான். மெல்லத் தாழ்கிற கை, விரல்களுக்கிடையில் அரிசி, கீழே தகப்பனின் முகம். பின்னணியில் சிமியோன் அண்ணையின் கனத்த குரல் விளக்கம் சொல்கிறது: "ஒருவருக்கு ஒரு பிடி. ஒரேயொரு முறை." வேதக்காரனான தனக்குச் சைவக்காரரின் முறை தெரியாது என்று அவர் தப்பிக்கொள்ள முடியாது. தெரிந்து, எழுதி, வாசித்து, பதிவுசெய்து, அதை இரண்டாம் முறை போட்ட பிடிக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார். ஒட்டுகிறபோதுகூட உறைக்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்றுவரை ஆறாத விசயம்.

பங்குனியில் அந்தக் கிராமத்து வாசிகசாலையிலேயே படத்தைப் போட்டார்கள். எழுதுகிறவன் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் அந்தக் காட்சியைத்தான் புகழ்ந்தேன். முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உதயகலா எங்களிடம் வந்தார். கையில் வெறும் தேநீர்த் தட்டு இருந்தது.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ? நான் முதல் போட்டது இருக்கோ?"

"எது தங்கச்சி?"

"முதல் போட்டது. மங்கலாப் போச்சுதெண்டு பிறகு சொன்னீங்களே, அது." தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்கு அது ஞாபகம் வருகுதில்லை அண்ணை. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. கண்ணை மூடினால் இரண்டாந்தரம் போட்டதுதான் வருது. அதிலையும் அப்பான்ரை முகம் வருகுதில்லை, உங்கடை கமராவின்ரை சிவப்பு லைற்றுத்தான் வருது. மங்கலெண்டாலும் பறவாயில்லை. அதை எனக்குத் தாறீங்களோ?"

குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. கலியாணப் படத்தின் இன்னொரு பிரதி கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னை ஏசியிருந்தாவெண்டால் நான் உண்மையைச் சொல்லியிருப்பன்" என்று அண்ணை பிறகு சொன்னார். அன்று சொன்னது வேறு.

"தேடிப் பாக்கிறன் தங்கச்சி."

அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருந்தார். அதாவது, ஒளித்துத் திரிந்தார். தெல்லிப்பழையில் கலியாணம் என்றால் நேராகக் காங்கேசன்துறை வீதியால் போகிற மனிதர், சுன்னாகத்தைத் தவிர்க்கப் பலாலி வீதியால் சுற்றிப் போகத் தொடங்கினார். உதயகலாவின் அழைப்பு வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது ஓயும்வரை கடலைப் பார்ப்பார். ஓய்ந்தபிறகு, "தேடிக்கொண்டிருக்கிறன் தங்கச்சி" என்று ஒரு செய்தி அனுப்புவார். கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போய் வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பொய் சொன்னன் சுவாமி எண்டு சொன்னன்." என்ன பொய் என்று சுவாமி கேட்கவில்லையா? "பின்னாலை நிறையச் சனம் நிண்டது." தூரத்தில் நின்று எடுத்த பாவசங்கீர்த்தனம், முகம் தெரியாது.

மங்கலானவற்றை அவர் அழிக்காமல் விடத் தொடங்கியது அப்போதுதான். கைப்பேசி நிறைந்தது. வீட்டில் ஹாட் டிஸ்க்குகள் பிஸ்கற் ரின்களுக்குள் நிறைந்தன. "விடியத் தேத்தண்ணிக்குப் பிஸ்கற் எடுக்கப் போனால் வயர் வருது" என்று ஸ்ரெல்லா அக்கா என்னிடம் முறையிட்டார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. அண்ணை அவருக்கும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் உதயகலாவிடம் இருந்து குரல்செய்தி வந்தது. அண்ணை அதை எனக்குப் போட்டுக் காட்டினார். "அண்ணை, அப்பா போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம் வருது. நீங்களும் அந்த எழுதுற அண்ணையும் கட்டாயம் வரோணும். அதுக்கு முன்னம் அதைத் தந்தீங்களெண்டால் எனக்குக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் நான் போனபோது அண்ணை கணினிக்கு முன்னால் இருந்தார். திரையில் அந்தக் காட்சி, வெட்டாத முழுத் துண்டு. ஓடவிட்டார். கை அரிசியை அள்ளுகிறது. உதயகலா நிமிர்ந்து நேரே எங்களைப் பார்க்கிறார். குரல் கேட்கிறது: "இன்னொருக்காப் போடட்டோ அண்ணை?" அண்ணை அங்கே நிறுத்தினார். அந்தப் பார்வையையும் அந்தக் குரலையும் வெட்டினார். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார். படச் சட்டத்தைச் சற்றுச் சாய்த்தார். தகப்பனின் முகம் ஒரு வெளிறிய வட்டமாகியது, கை ஒரு நிழலாகியது. இவ்வளவு திறமையாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"அண்ணை, இது வேண்டாம்" என்றேன்.

"அப்ப என்னத்தைக் குடுக்க? நீர் சொல்லும். அழிச்சுப்போட்டன் எண்டு போய்ச் சொல்லட்டோ? அது எல்லாத்தையும் திரும்ப ஒருக்கா அழிக்கிறது இல்லையோ?"

இன்னும் ஒருதரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சின்ன விரல் அளவான ஒரு பென் டிரைவில் அதைப் போட்டு, மேற்சட்டையின் உட்பைக்குள் வைத்துக்கொண்டார். தேவைப்படுகிறபோது அது மட்டும் தவறாமல் கையில் அகப்பட்டது.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். "எழுதும். என்ரை பேரை மாத்தாதையும். அவவின்ரையை மாத்தும்" என்றார். பெயரை மாற்றினாலும் வாசித்தால் உதயகலாவுக்கு விளங்கிவிடுமே என்றேன். "ஓம்" என்றார். தன் வாயால் சொல்ல முடியாததை என் கையால் சொல்விக்கப் பார்க்கிறார். கோழைத்தனம்தான். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கும் "ஓம்" என்றார்.

திவசத்தன்று காலையில் நாங்கள் போனபோது ஐயர் இன்னும் வரவில்லை. முற்றத்தில் அடுப்பு மூட்டி வைத்திருந்தார்கள். அண்ணை படலையடியிலேயே பென் டிரைவை நீட்டிவிட்டார். உதயகலா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, அப்படியே உள்ளே போய்த் தொலைக்காட்சியில் செருகினார். எங்களையும் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

ஒருமுறை பார்த்தார். திரைக்குக் கிட்டப் போய் முழங்காலில் இருந்து மறுபடி பார்த்தார்.

"ஓம் அண்ணை. இதுதான்." அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாருங்கோ, இதிலை நான் கமராவைப் பாக்கேல்லை. அப்பாவைத்தான் பாக்கிறன்." விரலால் அந்த வெளிறிய வட்டத்தைத் தொட்டார். "இப்ப வருது அண்ணை. அப்பான்ரை மீசையிலை ஒரு அரிசி ஒட்டினது. நான் அதைச் சின்ன விரலாலை தட்டி விட்டனான். எப்பிடி மறந்தனான் இதை?"

மீசையில் அரிசி ஒட்டியதை நான் அந்த முழுத் துண்டில் பார்க்கவில்லை. விரலால் தட்டியதையும் பார்க்கவில்லை. அது உண்மையிலேயே முதல் முறை நடந்ததா, அல்லது இப்போதுதான் அவருக்கு நடந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி கமராவுக்குள் இருந்தது. அதைத்தான் அண்ணை அழித்திருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாலை போட்டிருந்த கதிரவேலுவின் படத்தைப் பார்க்கிறவர்போல நின்றார். இடது கண்ணும் வலது கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. எனக்கு அந்த வீட்டில் நிற்கவே கூசியது.

படையல் முடிந்து பந்தி வைத்தார்கள். நாங்கள் இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பருப்பு, அப்பளம், மோர்மிளகாய், எல்லாம் கதிரவேலுவுக்குப் பிடித்தவை என்று யாரோ சொன்னார்கள். அண்ணை தலை நிமிராமல் சாப்பிட்டார். கெதியாக முடித்துவிட்டு எழும்பவேண்டும் என்ற அவசரம் அவருக்கு. பந்தியில் எல்லோருக்கும் முந்தி அவருடைய இலை வெறுமையாகிவிட்டது.

உதயகலா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். காலையில் அழுத முகம் இப்போது தெளிந்திருந்தது. வெறும் இலையைக் கண்டதும் சந்தோசமாகக் குனிந்து, அகப்பை நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு கேட்டார்:

"இன்னொருக்காப் போடட்டோ அண்ணை?"

சிமியோன் அண்ணை எச்சில் கையையும் மற்றக் கையையும் விரித்து இலையை மூடினார். உதயகலா சிரித்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார், அதற்கடுத்த இலைக்குப் போனார், பந்தியின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணை கைகளை எடுக்கவில்லை.